முடிச்சு இல்லாத புள்ளிக்குப் பொருள் உண்டா? சுங்குடி, பாந்தினி, படோலா பற்றிய விவாத இழை

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

என் பாட்டி மறைந்து ஓராண்டு ஆனபின், அவருடைய மரப்பெட்டியிலிருந்த துணிகளைக் குடும்பத்துப் பெண்கள் பகிர்ந்துகொண்டபோது, அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்று, அதாவது முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளிகள் உண்டாக்கிய பருத்திச் சேலை, என் பங்குக்கு வந்தது. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சுங்குடி புதிதன்று. கோடையில் எங்கள் வீட்டுப் பெண்கள் அனைவரும் உடுத்துவது அதைத்தான். உறுத்தாத பருத்தி என்பதால் பிள்ளை பெற்றவளுக்கும் முதியவர்களுக்கும் அதையே தேடி வாங்குவோம். ஆயினும் பாட்டியின் சேலையை மடியில் விரித்து, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் சென்ற ஆண்டு நான் வாங்கிய சுங்குடியை அதன் அருகே வைத்துப் பார்த்தபோது, இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது முறைதானா என்ற கேள்வி எழுந்தது.

புதிய சேலையில் புள்ளிகள் ஒரே அளவில், முழு வட்டமாக, வரிசை பிசகாமல் இருக்கின்றன. துணியைத் திருப்பினால் அவை மங்கிவிடுகின்றன. பாட்டியின் சேலையிலோ ஒரு புள்ளியைப் போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றும் வட்டமென்றும் சதுரமென்றும் சொல்ல முடியாத ஒரு வெண்வளையம்; அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு அரக்கு நிறம். பாட்டி அதை அதிகம் உடுத்தியதில்லை என்பதால், விரலால் தடவும்போது புள்ளிகள் இன்னமும் மெல்லிய மேடுகளாகத் தட்டுப்படுகின்றன. சேலையின் உள்முனையில், கரையை ஒட்டி, 11 முடிச்சுகள் அவிழ்க்கப்படாமலே இருக்கின்றன. மிளகின் அளவுகூட இல்லாத மொட்டுகள் அவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் சாயம் ஏறிய நூல் இறுகச் சுற்றியிருக்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சேலைகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அப்படியானால் இந்தத் துணிகளுக்கு நாம் கற்பிக்கும் பண்பாட்டுப் பொருள் புள்ளியில் இருக்கிறதா, அந்தப் புள்ளியை உண்டாக்கிய முடிச்சில் இருக்கிறதா? குஜராத், ராஜஸ்தான், ஒடிசா, தெலங்கானா ஆகிய பகுதிகளின் துணிகளை அறிந்தவர்களும் விளக்கினால் மகிழ்வேன். அந்த 11 முடிச்சுகளை அவிழ்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

சாயவேர்

அம்மா, தாங்கள் கண்ட ஊசிமுனை நிறப்பொட்டுதான் கையால் கட்டியதற்கு முதல் அடையாளம். துணியை விரல்நுனியால் கிள்ளி எடுத்து, கிள்ளிய இடத்தின் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றும்போது, நூல் பதிந்த இடத்தில் மட்டுமே சாயம் நுழையாது. நூலுக்கு மேலே துருத்தி நிற்கும் நுனி தொட்டியில் நனைந்து நிறம் பெறும். அவிழ்த்தபின் வெள்ளை வளையமும் நடுவில் பொட்டும் கிடைப்பது இதனால்தான். துணியை மடித்து வைத்துக் கட்டுவார்கள் என்பதால் மேல்மடிப்பிலும் உள்மடிப்பிலும் புள்ளியின் அளவு சற்றே மாறும். புதிய சேலையில் மறுபக்கம் மங்குகிறது என்றால், நிறமேற்றிய துணியின்மேல் திரை அச்சால் வெள்ளையை ஏற்றியிருப்பார்கள், அல்லது நிறத்தை அரித்தெடுக்கும் பசையால் புள்ளி இட்டிருப்பார்கள்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது முறை ஒன்றும் மதுரையில் பரவலாக உள்ளது. உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் ஒற்றி, குளிர்ந்த சாயத்தில் முக்கி, பின்னர் கொதிநீரில் மெழுகை நீக்குவார்கள். அதுவும் கைத்தொழில்தான்; கை நடுங்காத ஒருவர்தான் அதைச் செய்ய முடியும். அதைக் கட்டுச் சுங்குடி என்று விற்பதைத்தான் ஏற்க முடியாது.

பல ஆண்டுகள் சாயப்பட்டறையில் உழைத்தவன் என்ற முறையில், பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லவேண்டும். பல நிறங்கள் கொண்ட கட்டுத்துணியில் வேலை வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குச் செல்லும். இறுதியில் வெள்ளையாக நிற்கவேண்டிய புள்ளிகளை முதலில் கட்டி, துணி முழுவதையும் மஞ்சளில் தோய்ப்பார்கள். பிறகு மஞ்சளாக நிற்கவேண்டியவற்றைக் கட்டிச் சிவப்பில் தோய்ப்பார்கள். அதன்பின் சிவப்பைக் கட்டிக் கருமையில் தோய்ப்பார்கள். வெள்ளைத்துணியை மடியில் வைத்திருக்கும்போதே, மூன்று தொட்டிகளைக் கடந்து வரப்போகும் சேலை கட்டுபவளின் மனத்தில் முழுமையாக இருந்தாக வேண்டும். ஓவியம் தீட்டுகிறவர் தவறினால் மேலே இன்னொரு நிறம் பூசலாம். இங்கே கட்டத் தவறிய புள்ளி தொலைந்தது தொலைந்ததுதான்.

என் புனைபெயர் பற்றியும் ஒரு சொல். நம் கடற்கரை மணலில் வளரும் சாயவேர்ச் செடியின் வேரே பல நூற்றாண்டுகளாகத் தென்னிந்தியச் சிவப்புக்கு மூலம். கடுக்காயும் படிகாரமும் கொடுத்துத் துணியைப் பக்குவப்படுத்தினால்தான் அந்தச் சிவப்பு நூலில் நிற்கும். அந்த வேரிலுள்ள அலிசரின் என்னும் நிறப்பொருளை 1868 வாக்கில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கிய பிறகு வேர் தோண்டும் தொழில் மெல்ல அழிந்தது. தங்கள் பாட்டியின் சேலை வேர்ச்சாயமா, செயற்கைச் சாயமா என்று தாங்கள் விவரித்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நூலின் அடியில் ஒளியும் காற்றும் படாத விளிம்பு ஒன்று இருக்கும். ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்து அந்த விளிம்பையும் நூலையும் பார்த்தால் பழைய நிறம் எத்தனை அடர்த்தியாக இருந்தது என்பதாவது தெரியவரும்.

பட்டுநூல்

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. மேற்கிலிருந்து புறப்பட்டு, பல தலைமுறைகளாகப் பல ஊர்களில் தங்கித் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்த நெசவாளர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கள் மக்கள் இன்றும் நெருக்கமாக வாழ்கின்றனர். பாந்தினிக்குப் பெயர்பெற்ற சௌராஷ்டிர மண்ணின் பெயரைத் தாங்கிய மக்கள் மதுரையில் முடிச்சுச் சாயம் செய்தார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் அங்குள்ள துணியின் நகல் என்று சுங்குடியைச் சொன்னால் நான் மறுப்பேன். அங்கே பட்டிலும் அடர்ந்த கோலங்களிலும் வளர்ந்த கலை, இங்கே வெயிலுக்கேற்ற பருத்தியில், இடைவெளி விட்ட புள்ளிகளாக, இருபுறமும் அகன்ற தனிநிறக் கரையுடன் வேறொரு வடிவம் கொண்டது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வருவதற்கு, ஒன்றைத் தோய்க்கும்போது மற்றதை மூடிக் கட்டிவிடுவார்கள்.

என் அத்தை முடிச்சுப் போடுவதைச் சிறுவயதில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மதியச் சமையல் முடிந்து, வாசற்கதவைப் பாதி சாத்திவிட்டு, வெளிச்சம் விழும் பக்கமாக அமர்வார். இடக்கையின் நகநுனியால் துணியை மேலே தள்ளி, வலக்கையால் நூலைச் சுற்றி, அறுக்காமலே அடுத்த முடிச்சுக்குப் போவார். எங்களோடு பேசுவார், பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொல்வார், ஆனால் விரல் நிற்காது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பல நாள் உழைப்பு. கோலத்தில் புள்ளி வைத்துவிட்டு அதைச் சுற்றி இழை இழுப்போம். சுங்குடியில் இழை கிடையாது, புள்ளியை நெருக்கி நெருக்கி வைத்தே கோடும் வட்டமும் வரவேண்டும். கோலம் போடத் தெரிந்த கைக்கு அது எளிதாக வந்துவிடும் என்று அத்தை சொல்வார்.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று நாங்கள் பெருமைப்பட்டோம். ஆனால் குறியீடு கிடைத்த பெயரின்கீழ் கட்டியதும் அச்சிட்டதும் கலந்து விற்கப்படும் நிலையில், கட்டுபவர் பெற்ற பயன் மிகக் குறைவு. பேரப்பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை; கண் கெடும், கூலி போதாது என்ற அவர்களுடைய காரணங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

கடைவீதி

துணி வணிகத்தில் இருப்பவனாக ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். கையால் கட்டிய சுங்குடியின் உழைப்புக்குரிய விலையைக் கேட்டால், அன்றாடம் உடுத்துவதற்காகச் சுங்குடி தேடி வரும் பெண்கள் வெறுங்கையோடு திரும்பிவிடுவார்கள். அச்சும் மெழுகும் வந்ததால்தான் இந்தக் கோலம் இன்னும் தெருவில் நடமாடுகிறது. பண்பாடு என்பது உடுத்துகிறவர்களிடம் வாழ்வது. ஒரு மகள் தன் தாய்க்கு அன்போடு வாங்கித் தரும் அச்சுச் சுங்குடியில் பொருளே இல்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? முடிச்சில்தான் பொருள் இருக்கிறது என்றால், அந்தப் பொருளை வசதி படைத்தவர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததாகிவிடாதா?

மேற்குத்திசை

கணவரின் பணி காரணமாகக் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ஜாம்நகரிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். கடைவீதி அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்பதால், அங்கே கண்டதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பாந்தினி என்ற பெயரே கட்டுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கட்ச் பகுதியில் சாயமேற்றும் தொழில் பெரும்பாலும் கத்ரி சமூகத்தாரிடம் இருக்கிறது. அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. முடிச்சுப் போடுவது பல சமூகத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை. அங்குள்ள பூஜ் நகரில் என் அண்டை வீட்டுப் பெண்மணி விரலில் கூர்முனை கொண்ட சிறு வளையம் ஒன்றை அணிந்துகொள்வார். அந்த முனை துணியைக் கீழிருந்து குத்தி உயர்த்தும். நூல் ஒரு சிறு குழலின் வழியாக ஓடி வரும். கூலியை ‘கடி’ என்னும் கணக்கில் தருவார்கள். நான்கு புள்ளிகள் சேர்ந்தது ஒரு கடி. மாலையில் கடை ஆள் துணியை வாங்கிப் போகும்போது, அந்தச் சுருங்கிய மூட்டை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுக்கு இருக்கும். பல மீட்டர் பட்டு அதற்குள் ஒடுங்கியிருக்கிறது என்று நம்பவே முடியாது.

அங்கே துணியை யார் தருகிறார், எப்போது தருகிறார் என்பதில் பொருள் இருக்கிறது. குஜராத்தி மணப்பெண் முகூர்த்தத்தில் உடுத்தும் பானேதர், வெள்ளை உடலும் சிவப்புக் கரையும் கொண்டது. பிறந்த வீட்டார் தருவது, பல குடும்பங்களில் தாய்மாமன் தருவது. அதன்மேல் மாமியார் வீட்டார் போர்த்துவது கர்ச்சோலா. சரிகைக் கோடுகள் சிவப்புத் துணியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யானை, மயில், தாமரை, ஆடும் பெண் என்று முடிச்சுப்புள்ளிகளாலான உருவங்கள் இருக்கும். 12 கட்ட அமைப்பைப் பன்னிரு தோட்டம் என்றும், 52 கட்ட அமைப்பை ஐம்பத்திரண்டு தோட்டம் என்றும் அவர்கள் மொழியில் அழைப்பார்கள். கர்ச்சோலா என்ற பெயரின் முதற்பகுதி வீட்டைக் குறிக்கிறது. புகுந்த வீட்டின் ஆடை என்று கொள்ளலாம். தாய்மாமன் சீரையும் மணமகன் வீட்டார் தரும் கூறைப்புடவையையும் அறிந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ராஜஸ்தானில் பிள்ளை பெற்றவளுக்கு அவள் பிறந்தகத்திலிருந்து மஞ்சள் உடலும் சிவப்புக் கரையும் கொண்ட பீலா என்னும் முக்காட்டுத் துணி வரும். அதைப் போர்த்திக்கொண்டுதான் கிணற்றுப் பூசைக்குச் செல்வாள். ஆண்பிள்ளை பிறந்தால் மட்டுமே தருவது என்று பல ஊர்களில் இருந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் தெருவில் ஒரு பீலா நடந்து சென்றால், அந்தப் பெண் தாயாகியிருக்கிறாள் என்பதை ஊரே படித்துவிடும். சாவன் மாதத்தில், மழை எட்டிப் பார்க்கும் தீஜ் திருநாளை ஒட்டி, லஹரியா உடுத்துவார்கள். அதில் புள்ளி கிடையாது. மெல்லிய துணியை மூலைவாட்டில் சுருட்டி, இடைவெளி விட்டுக் கட்டிச் சாயமேற்றினால், விரிக்கும்போது சாய்ந்த அலைகளாக நிறம் ஓடும். ஒரு திசையில் முடித்தபின் எதிர்த்திசையிலும் சுருட்டிக் கட்டினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிறு கட்டங்களாகும்; அதற்கு மோட்டரா என்று பெயர். வறண்ட நிலத்து மக்கள் நீரலையைத் தலைப்பாகையிலும் சேலையிலும் சுற்றிக்கொள்வதை முதன்முறை கண்டபோது என் கண்கள் நிறைந்துவிட்டன.

துக்கத்துக்கும் இந்தத் துணி உண்டு. கட்ச் பகுதியில் ரபாரி என்னும் மேய்ச்சல் சமூகத்துப் பெண்கள் போர்த்தும் கருங்கம்பளித் துணியில் சிவந்த முடிச்சுப்புள்ளிகள் இருக்கும். முன்னொரு காலத்தில் தங்கள் குலப்பெண்ணைக் காக்கப் போரிட்டு இறந்த மன்னனுக்காக அந்தக் கருமையை இன்றளவும் அணிவதாக அவர்களிடையே கதை வழங்குகிறது.

இனி கடைவீதி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். அச்சுப் பாந்தினி அங்கேயும் குவிந்து கிடக்கிறது. அன்றாடம் அதைத்தான் உடுத்துகிறார்கள். ஆனால் நான் பழகிய குடும்பங்களில், திருமணத்துக்கு மட்டும் கடன்பட்டாவது கட்டிய துணியையே தேடினார்கள். கடைக்காரர் துணியை முடிச்சோடுதான் காட்டுவார். ஒரு மூலையை மட்டும் அவிழ்த்து நிறத்தைக் காண்பிப்பார். வாங்கியபின் வீட்டுப் பெண்கள் இருவர் இரு முனையையும் பிடித்துக் குறுக்காக இழுப்பார்கள். படபடவென்று பொரி பொரிவது போன்ற ஓசையோடு நூல்கள் தெறித்து விழும். மணப்பெண்ணின் துணி அவள் கண்முன்னே மலரும் அந்த நேரத்தை எந்த அச்சும் தர இயலாது. நாம் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறோமே, அதை அவிழ்க்கும் நாளில் நம் கை எப்படி நடுங்குமோ, அப்படித்தான் அவர்கள் கையும் நடுங்கும்.

பாவும்ஊடையும்

இதுவரை பேசியவை அனைத்தும் நெய்த துணியைக் கட்டுபவை. நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டும் மரபையும் இங்கே சேர்த்துப் பேசவேண்டும். உலகம் இன்று இக்கத் என்று அழைக்கும் இந்த முறையின் பெயருக்கு மலாய், இந்தோனேசிய மொழிகளில் கட்டுதல் என்றே பொருள். ஒடிசாவில் பாந்தா என்பார்கள், அதற்கும் கட்டு என்பதே பொருள்.

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை மட்டும் கட்டிச் சாயமேற்றலாம், குறுக்கே ஓடும் ஊடை நூலை மட்டும் செய்யலாம், இரண்டையும் செய்யலாம். மூன்றாவது மிக அரிது. குஜராத்தின் பாடண் நகரில் சால்வி குடும்பத்தினர் நெய்யும் படோலா அத்தகையது. பாவில் சிவப்பு விழுந்த இடத்தில் ஊடையின் சிவப்பு வந்து அமர்ந்தால்தான் யானை யானையாகத் தெரியும். ஒரு நூலளவு நழுவினாலும் உருவம் கலங்கும். அதனால் சில அங்குலம் நெய்தவுடன் தறியை நிறுத்தி, ஊசிமுனையால் நூல்களைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்வார்கள். சாய்வாக அமைந்த அந்தத் தறியில் இருவர் வேலை செய்வார்கள். ஒரு சேலைக்கு ஆறு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். 12ஆம் நூற்றாண்டில் சோலங்கி மன்னன் குமாரபாலன் 700 சால்விக் குடும்பங்களை ஜால்னாவிலிருந்து வரவழைத்தான் என்பது அவர்களுடைய குலமரபுக் கதை. படோலாவில் விழுந்த கோலம் கிழிந்தாலும் அழியாது என்பது குஜராத்தில் வழங்கும் பழமொழி. அந்தத் துணி கடல் கடந்து இந்தோனேசியத் தீவுகளில் அரசர்களின் சடங்கு உடையாகவும், பரம்பரையாகக் காத்துவைக்கும் செல்வமாகவும் மாறியது. டச்சு வணிகக் குழுமம் அங்குள்ள தலைவர்களுக்கு அன்பளிப்பாகவே அதைக் கொடுத்திருக்கிறது.

ஒடிசாவின் நுவாபட்னாவில், ஜெயதேவரின் கீதகோவிந்த வரிகளையே கட்டுமுறையில் பட்டில் எழுத்தாக நெய்து, பூரி ஜெகந்நாதருக்குச் சாத்துவார்கள். நூலாக இருக்கும்போதே எந்த இடத்தில் எந்த எழுத்தின் வளைவு வரும் என்று கட்டியிருக்க வேண்டும். சம்பல்பூர்ப் பக்கம் சங்கு, சக்கரம், பூ, சொக்கட்டான் பலகை போன்ற கட்டங்கள் எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன.

நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் சீராலாவிலும் தெலங்கானாவின் புட்டபாக்காவிலும் செய்யப்பட்ட தேலியா ருமால் இன்னொரு அழகு. ஆமணக்குக் காய் ஓட்டின் சாம்பல்நீரையும் நல்லெண்ணெயையும் கலந்து நூலை நாள்கணக்கில் ஊறவைத்துப் பிசைவார்கள். அந்த எண்ணெய்ப் பக்குவமே சிவப்பை ஆழமாக்கும். துணியில் மெல்லிய எண்ணெய் வாசனை தங்கியிருக்கும். வெயிலில் உழைப்போர் தலையில் கட்டிக்கொண்ட அந்தத் துணி அரபு நாடுகள்வரை சென்றது. போச்சம்பள்ளி நெசவாளர்கள் இந்த மரபிலிருந்து கற்றுக்கொண்டுதான் பின்னர் சேலைக்கு வந்தார்கள்.

இந்தத் துணிகளில் முடிச்சையும் உருவத்தையும் பிரிக்கவே இயலாது என்பதே என் எண்ணம். உருவத்தின் ஓரத்தில் நிறம் சற்றுக் கசிந்து, இறகு போல் மங்கி முடியும். அச்சுக்காரர்கள் அந்தக் கசிவையும் வரைந்து அச்சிடுகிறார்கள். கட்டியவருக்குத் தவிர்க்க முடியாமல் நேர்ந்த ஒன்றை வேண்டுமென்றே வரைய வேண்டியிருக்கிறது என்றால், எதற்கு மதிப்பு என்பது அச்சிடுகிறவருக்கே தெரிந்திருக்கிறது.

ஏட்டுச்சுவடி

தொன்மை பற்றிச் சற்று எச்சரிக்கையாகப் பேசவேண்டும். அஜந்தா ஓவியங்களில் புள்ளியிட்ட ஆடைகளும், இக்கத் போன்ற கோடுகளும் காணப்படுவது உண்மையே. ஆனால் சுவரில் தீட்டிய புள்ளியைப் பார்த்து, அது கட்டியதா அச்சிட்டதா என்று முடிவுகட்ட இயலாது. 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷசரிதம் இதைவிட வலுவான சான்று. ஹர்ஷ மன்னரின் தங்கை ராஜ்யஸ்ரீயின் திருமண ஏற்பாடுகளைச் சொல்லும் பகுதியில் கட்டிச் சாயமேற்றிய துணிகள் பேசப்படுகின்றன. இந்தத் துணி முதலில் நம் கண்ணில் படும் இடமே ஒரு கல்யாண வீடு என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பட்டுநூல் அவர்கள் சொன்ன இடப்பெயர்ச்சி பற்றிப் பேசும்போது மந்தசோர் கல்வெட்டையும் பலர் காட்டுவார்கள். லாட நாட்டிலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, இன்றைய மந்தசோரான தசபுரத்துக்குக் குடியேறிய பட்டு நெசவாளர் குழு ஒன்று 437 வாக்கில் சூரியனுக்குக் கோயில் எடுத்து, பின்னர் 473இல் பழுதுபார்த்ததை அது கூறுகிறது. அந்தக் குழுவினரே மதுரைச் சௌராஷ்டிரரின் முன்னோர் என்று நேர்கோடு இழுப்பதற்கு அது போதாது. நெசவாளர் கூட்டமாகப் பெயர்வதும், போன இடத்தில் தம் கலையை ஊன்றுவதும் இந்நாட்டின் பழைய வழக்கம் என்பதற்கு மட்டும் அது உறுதியான சான்று.

சொல் ஒன்றும் பயணம் செய்திருக்கிறது. வங்காளத்திலிருந்து கிழக்கிந்தியக் குழுமம் ஏற்றுமதி செய்த புள்ளியிட்ட பட்டுக் கைக்குட்டைகளின் வழியாகவே பந்தானா என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. அதன் வேரும் இதே கட்டுதல்தான். கைக்குட்டையை இன்று அச்சடித்தாலும் பெயரில் முடிச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைவீதி

மேற்குத்திசை அம்மாவின் விளக்கத்தைப் படித்தபின் என் நிலைப்பாட்டில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். அன்றாடத்துக்கு ஒன்று, சீருக்கு ஒன்று என்று மக்களே வேறுபாடு வைத்திருக்கும்போது, அந்த வேறுபாட்டை மறைத்து விற்பது வணிகனின் பிழை. கட்டியது, மெழுகில் அச்சிட்டது, திரையில் அச்சிட்டது என்று மூன்றையும் தனித்தனியே எழுதி வைப்பதால் எந்தக் கடையும் நொடித்துவிடாது. ஆனால் அச்சுச் சேலையை உடுத்துபவரிடம் பொருள் இல்லை என்ற முடிவை மட்டும் இப்போதும் ஏற்கமாட்டேன்.

பட்டுநூல்

அந்த முடிவை யாரும் சொல்லவில்லை, ஐயா. கொடுப்பவரின் அன்பு எந்தச் சேலையிலும் இருக்கும். என் வருத்தம் வேறு. அச்சுச் சேலையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் என் அத்தையைப் போன்ற ஒருத்தியின் விரலிலிருந்து எடுத்தது. கோலம் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது, அவளிடம் எதுவும் திரும்பி வரவில்லை. சேலையின் பொருளில் உடுத்துபவருக்கும் கொடுப்பவருக்கும் பங்கு உண்டு என்றால், கட்டியவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த மூன்றாவது பங்கைத்தான் நாம் மறந்துவிட்டோம் என்கிறேன்.

அத்தைக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஆனால் கையில் துணியைக் கொடுத்தால் விரல் தானாக முடிச்சுப் போடுகிறது. வைகைக்கரை அவர்கள் விரும்பினால் பாட்டியின் சேலையோடு வீட்டுக்கு வரலாம். புள்ளிகளின் நெருக்கத்தைத் தடவிப் பார்த்தே அது எத்தனை மடிப்பில் கட்டியது என்று சொல்லிவிடுவார்.

மேற்குத்திசை

முடிச்சுகளை அவிழ்ப்பது பற்றி வைகைக்கரை கேட்டதற்கு நான் பதில் சொல்ல மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டாம், அம்மா. அச்சு மலிந்த காலத்தில், இது கட்டியதுதான் என்பதற்கு அந்த முடிச்சுகளைவிட நல்ல சான்று கிடையாது. பழைய பருத்தி என்பதால் வெடுக்கென்று இழுத்தால் கிழியவும் கூடும். சாயவேர் ஐயா கேட்டபடி ஒன்றை மட்டும், துணியை இரு கைகளாலும் முடிச்சுக்கு அருகிலேயே பிடித்து, மெல்லக் குறுக்காக இழுத்துப் பாருங்கள்.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. பட்டுநூல் அவர்களின் அத்தையை ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்தேன். சேலையை மடியில் வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு கட்டைவிரலால் வரிசை வரிசையாகத் தடவினார். நான்கு மடிப்பில் கட்டியது என்றார். ஓரிடத்தில் விரலை நிறுத்தி, இங்கிருந்து வேறு கை என்றார். அவர் காட்டிய இடத்திலிருந்து புள்ளிகள் சற்றே பெரியவையாக, இடப்பக்கம் சாய்ந்தவையாக இருப்பதை நான் அப்போதுதான் கண்டேன். இத்தனை நாள் ஒருத்தி கட்டிய சேலை என்று நினைத்திருந்தேன். இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒரே துணியின் இரு முனைகளிலிருந்து கட்டி வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள்.

ஒரு முடிச்சை அவர் அருகிலேயே வைத்து அவிழ்த்தேன். சிறு ஓசையோடு நூல் துள்ளி விழுந்தது. சுற்றியிருந்த வடிவம் மாறாமல், சுருண்டே கிடந்தது. அதன் அடியிலிருந்த வளையம் மற்றப் புள்ளிகளைப் போலப் பழுப்பேறாமல், வேறெங்கும் இல்லாத வெண்மையோடு இருந்தது. சாயவேர் ஐயா கேட்ட விளிம்பில் நிறம் நான் நினைத்ததைவிட அடர்ந்து, கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் தனியே அனுப்புகிறேன். அத்தை ஒரு பழைய வேட்டித் துண்டைக் கொடுத்து என்னையும் கட்டச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் 19 முடிச்சுகள் போட்டேன். அவற்றில் 6 அவிழ்ந்துவிட்டன. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். அவிழ்ந்த நூலைத் தாளில் மடித்துச் சேலையோடு வைத்திருக்கிறேன். மற்ற 10 முடிச்சுகளும் அப்படியே இருக்கின்றன.